ஸ்டாக் 40 இருக்கு, கடை மட்டும் இல்லை என்கிறது

வேர்ட்பிரஸ் சைட்டைக் கடையாக மாற்றும் வூகாமர்ஸ் என்ற பிளகினில் புடவைக்கடை நடத்தும் நண்பர் ஒருநாள் இரவு அழைத்தார். "சரக்கு வந்துடுச்சுப்பா, ஸ்டாக்கையும் 40ன்னு மாத்திட்டேன். சைட்ல இன்னும் 'அவுட் ஆஃப் ஸ்டாக்'னே நிக்குது." எப்படி மாற்றினீர்கள் என்றேன். டேட்டாபேஸை நேரடியாகத் திருத்த உதவும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, சரக்கு விவரங்கள் இருக்கும் போஸ்ட்மெட்டா டேபிளில் நேராக ஒரு அப்டேட் குவெரி. கோளாறு அங்கேதான்.

எண்ணிக்கை ஒரு வரியில் இருக்கிறது. 'இருக்கு, இல்லை' என்ற நிலை இன்னொரு வரியில். போதாததற்கு, தேடலும் ஃபில்டரும் வேகமாக நடக்க அதே விவரத்தின் நகல் தனி லுக்கப் டேபிளிலும் கிடக்கிறது. ஏபிஐ (வெளி நிரல்கள் வூகாமர்ஸிடமே கேட்டு வேலை வாங்கும் வாசல்) வழியாக 40 என்று அனுப்பியிருந்தால் மூன்றையும் வூகாமர்ஸே சரிசெய்து, தற்காலிக நகலான கேஷையும் துடைத்திருக்கும். அப்டேட் குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. சொன்ன இடத்தில் சொன்னதை எழுதிவிட்டுப் போய்விடும்.

இதைவிட மோசமானது, சைட்டை எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும்போது டேட்டாபேஸ் முழுக்க முகவரியை மாற்ற எஸ்க்யூஎல்லில் ரீப்ளேஸ் ஓட்டுவது. வேர்ட்பிரஸ் பல செட்டிங்குகளை சீரியலைஸ் செய்து, அதாவது ஒரே சரமாகக் கோத்து, வைக்கிறது. ஒவ்வொரு சொற்சரத்துக்கும் முன்னால் அதன் நீளம் எழுதியிருக்கும். 17 எழுத்து முகவரி, ஓர் 'எஸ்' கூடி 18 ஆகிவிடும். முன்னால் 17 என்றே இருக்கும். கணக்கு இடித்ததும் பிஎச்பி அந்த செட்டிங்கையே படிக்காது; விட்ஜெட்டுகள் காணாமல் போகும். வேர்ட்பிரஸின் கமாண்ட்-லைன் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் நீளத்தையும் சேர்த்தே திருத்தும்.

"நான் டேட்டாபேஸ்ல எழுதலியே, படிக்கத்தானே செய்றேன்" என்பவர்களுக்கு 2023 அக்டோபரில் வந்த வூகாமர்ஸ் 8.2 பதிப்பு நல்ல பாடம். அதிலிருந்து புதிய கடைகளில் ஆர்டர்கள் போஸ்ட்ஸ் டேபிளில் சேர்வதில்லை. அவற்றுக்கென்றே தனி டேபிள்கள். பழைய டேபிளை நம்பி எழுதிய ரிப்போர்ட்டை அங்கே ஓட்டினால் காலியாகத்தான் வரும். எரர்கூட வராது, அதுதான் வினை. ஏபிஐயில் ஆர்டர் கேட்டவர்களுக்கு முகவரியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை.

ஏபிஐக்குப் போனாலும் சறுக்கலாம். ஆர்டர்களைக் கேட்டால், நீங்கள் வேறு சொல்லாதவரை, பக்கத்துக்கு 10தான் வரும், அதிகபட்சம் 100. அடுத்த பக்கத்தைக் கேட்க மறந்துவிட்டு, "இந்த மாசம் பத்தே ஆர்டர்தான்" என்று முதலாளியிடம் போய் நின்றவர்கள் உண்டு. மொத்தம் எத்தனை என்பது பதிலோடு வரும் தலைக்குறிப்பான ஹெடரிலேயே இருக்கிறது, பாருங்கள். நூறு புடவைக்கு ஸ்டாக் மாற்ற நூறு அழைப்பும் வேண்டாம். பல மாற்றங்களைச் சேர்த்து அனுப்பும் பேட்ச் வழியில் ஒரே அழைப்பு போதும்.

லட்சக்கணக்கான ஆர்டர்களைக் கூட்டிக் கழிக்கும் வருடாந்தரக் கணக்குக்கு மட்டும் நான் ஏபிஐயைக் கட்டிக்கொண்டு அழமாட்டேன். டேட்டாபேஸின் நகலில், செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும் உள்ள தனி யூசரை வைத்துப் படிப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் கடையின் அசல் டேட்டாபேஸைத் தொடமாட்டேன்.

நண்பரை அட்மினில் அந்தப் புடவையின் பக்கத்தைத் திறந்து ஒருமுறை அப்டேட் அழுத்தச் சொன்னேன். 'இன் ஸ்டாக்' வந்துவிட்டது. அதற்குள் மணி பன்னிரண்டு. இன்னும் முப்பது புடவை பாக்கி என்றார்.