சூழல் மாறிகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) என்பது நிரலுக்கு வெளியிலிருந்து அமைப்புகளைக் கொடுக்கும் பெயரும் மதிப்பும். அதில் எண் கிடையாது, ஆம்-இல்லை கிடையாது. வருவது எல்லாமே ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர்தான். நான் அதிகம் பார்த்த தவறு இதை மறப்பதுதான்.

பிழைதேடும் நிலையை இயக்கும் டீபக் என்ற மாறிக்கு 'ஃபால்ஸ்' (இல்லை) என்று கொடுத்திருப்பார்கள். பைத்தான் நிரலில் அதை வாங்கி அப்படியே இஃப்-க்குள் போட்டால் கதை மாறிவிடும். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைத்தானுக்கு ட்ரூதான் (ஆம்), '0' உட்பட. அணைத்துவிட்டதாக நினைத்த டீபக் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும்; ஒரு பிழை வந்தால் நிரலின் உள்விவரங்கள் பயனரின் திரைக்கே போய்விடலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் 8080 என்று வந்த போர்ட்டுடன் 1-ஐக் கூட்டிப் பாருங்கள், 80801 கிடைக்கும். அதனால் வாசிக்கும் இடத்திலேயே வகையை மாற்றிவிடுங்கள். எந்தச் சொல் ஆம், எந்தச் சொல் இல்லை என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு எது வந்தாலும் நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிடட்டும்.

மாறி இல்லாததும் காலியாக இருப்பதும் ஒன்றல்ல. பைத்தானில் மாறியை வாசிக்க கெட் அழைக்கும்போது, அது இல்லாவிட்டால் பயன்படுத்த மாற்று மதிப்பு கொடுத்திருந்தாலும், மாறி காலியாக இருந்தால் காலி ஸ்ட்ரிங்தான் கைக்கு வரும். கோ மொழியின் கெட்என்வ் இரண்டுக்குமே காலியைத்தான் தரும். வித்தியாசம் தெரிய லுக்அப்என்வ் வேண்டும். அப்புறம், டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல் போன்றவற்றுக்கு மாற்று மதிப்பே வைக்காதீர்கள். மாறி விடுபட்டது தெரியாமலே நிரல் வேறொரு டேட்டாபேஸில் எழுதத் தொடங்கிவிடும்.

'டெர்மினலில் மாற்றினேன், நிரலுக்குத் தெரியவில்லையே' என்பது அடிக்கடி கேட்கிற புலம்பல். நிரல் தொடங்கும்போதே சூழலின் நகல் ஒன்று அதற்குக் கிடைத்துவிடுகிறது. பிறகு ஷெல்லில் செய்யும் மாற்றம் அங்கே போய்ச் சேராது. நிரலை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். பாஷ் ஷெல்லில் புதிதாக வைத்த மாறி என்றால் எக்ஸ்போர்ட்டும் செய்ய வேண்டும், அப்போதுதான் அது நிரலுக்குப் போகும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மாறிகளை எழுதி விண்டோஸில் சேமித்த கோப்பை லினக்ஸ் ஷெல்லில் ஏற்றினால், மதிப்பின் கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற வரிமுடிவு எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டு வரலாம். முகவரி சரியாகத்தான் தெரியும், இணைப்பு மட்டும் கிடைக்காது. மதிப்பின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள், ஒன்று கூடுதலாக இருக்கும்.

ஆனால் இப்படிச் சோதிக்கும்போது மொத்தச் சூழலையும் லாகில் (நிரலின் பதிவுக் கோப்பில்) கொட்டிவிட வேண்டாம். கடவுச்சொற்களும் வெளிச் சேவைகளை அணுகும் ஏபிஐ சாவிகளும் அதோடு சேர்ந்து போய்விடும். ஒருமுறை போய்விட்டால் லாகை அழித்தால் மட்டும் போதாது, சாவியையே மாற்ற வேண்டும்.