பதகளிப்பும் வேலையும்: விளக்கம் சொல்வதிலும் ஏற்பாடு கேட்பது மேல்

"எல்லாரும்தானே பட்டனாங்கள், உனக்கு மட்டும் என்ன?" இலங்கையின் வன்னியில் பதகளிப்பு நோயுடன், அதாவது கட்டுக்கடங்காத அச்சமும் படபடப்பும் வாட்டும் நோயுடன், வேலைக்குச் செல்லும் பலரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள். 2009 மே வரை நீடித்த போரையும் இடப்பெயர்வையும் ஊரே கடந்துவந்த நிலையில், ஒருவருடைய நெஞ்சுப் படபடப்பு மற்றவர்களுக்கு வேலைக்கள்ளமாகத் தெரிகிறது. போரையே காணாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது என்று அவர்களோடு வாதாடி வெல்ல முயல வேண்டாம், களைப்புத்தான் மிஞ்சும்.

முதலில் வைத்தியரைக் காணுங்கள். தைரொயிட் சுரப்பி மிகையாக இயங்கினாலும், இரத்தச்சோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும் என்பதால், அவற்றைப் பரிசோதித்து விலக்க வேண்டும். நெஞ்சுவலி முதன்முறையாக வந்தால் அதைப் பதகளிப்பு என்று நீங்களே முடிவுசெய்யக் கூடாது. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். அங்கு வரிசையில் இருக்கும்போது தெரிந்த முகம் எதிர்ப்படத்தான் செய்யும். அவரும் அதே வரிசையில்தான் இருப்பார்.

திடீரெனத் தாக்கும் கடும் பதகளிப்பு பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிப் பின்னர் தணியும். அப்போது கதிரையில் நன்றாகச் சாய்ந்து, இரு பாதங்களையும் சீமெந்துத் தரையில் முழுமையாகப் பதித்து, நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருப்பதே இங்கு முக்கியம். ஆழமாக இழுக்கிறேன் என்று வேகவேகமாக மூச்செடுத்தால் தலைசுற்றலும் விரல் விறைப்பும் கூடும். பத்து மணித் தேநீரையும் சற்றுக் கவனியுங்கள். கடும் சாயத்தேநீர் சிலருக்குப் படபடப்பைக் கூட்டும்.

மேலதிகாரியிடம் பேசுவதே கடினமான பகுதி. நோயின் வரலாற்றை அவருக்கு ஒப்புவிக்கத் தேவையில்லை. அவரால் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். உதாரணமாக, மாதாந்தக் கூட்டத்தில் தன்முறை வரும்வரை காத்திருப்பதே ஒருவரை வாட்டுகிறது என்றால், "எனக்கு ஒரு மருத்துவச் சிக்கல் இருக்கிறது, சிகிச்சை பெறுகிறேன், எனது முன்னேற்ற அறிக்கையை முதலாவதாக வாசிக்க அனுமதித்தால் வேலை தடைப்படாது" என்று, கூட்ட நாளுக்கு முன்பே தனியாகச் சொல்லலாம். கதவருகே இருக்கை, வாய்மொழி அறிவுறுத்தலுக்குப் பதில் எழுத்துமூல அறிவுறுத்தல், கிளினிக் நாளில் அரைநாள் விடுமுறை ஆகியனவும் இத்தகையவையே. ஆனால் கூட்டத்திலிருந்தே விலக்குமாறு கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தவிர்க்கும்போது அன்றைக்கு ஆறுதல் கிடைத்தாலும், அடுத்த கூட்டத்தைப் பற்றிய அச்சம் அதனால் பெருகுகிறது.

சக ஊழியர்களில் நம்பத்தகுந்த ஒருவருக்கு மட்டும் விடயம் தெரிந்தால் போதும். உங்களுக்கு வியர்த்துக் கைநடுங்கும்போது சூழ்ந்து நின்று விசாரிக்காமல், முன்மேசையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்வதே அவர் செய்யவேண்டிய உதவி என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "விசர்" என்று நகைப்பவருக்கு, "மருந்து எடுக்கிறேன், வேலையைப் பார்ப்போம்" என்பதற்குமேல் பதில் வேண்டியதில்லை. அது தொடர்ந்து தொல்லையாக மாறினால், திகதியுடன் குறித்துவைத்து எழுத்தில் முறையிடுங்கள்.

வைத்தியர் தரும் பதகளிப்பு மாத்திரைகளுள் பல, பலன் தரச் சில வாரங்கள் எடுக்கும்; குணமாகிவிட்டது என்று எண்ணித் திடீரென நிறுத்தக் கூடாது. கிளினிக் நாளுக்கு முன்பே நிலைமை தாங்கமுடியாமல் போனாலோ, உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தாலோ, தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எந்நேரமும் அழைக்கலாம். அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே செல்லுங்கள்.