டிவிடில பேக்கப் எடுக்கப் போறீங்களா?
வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கற போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் டிவிடில போடறவங்க மொதல்ல ஒண்ணு கவனிங்க, கவர்ல 4.7 ஜிபின்னு போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்குல சுமார் 4.37 தான் வரும், அதனால ஃபோல்டரை 4 ஜிபி அளவுல பிரிச்சு வச்சுக்கிட்டா தொல்லை இல்ல. ரொம்ப நாள் வைக்கணும்னா அழிச்சு அழிச்சு எழுதற ஆர்டபிள்யூ (RW) டிஸ்க் வேணாம், ஒரு தடவை மட்டும் எழுதற டிவிடி-ஆர் (DVD-R) வாங்குங்க. எழுதி முடிஞ்சதும் வெரிஃபை, அதாவது டிஸ்க்ல எல்லாம் சரியா பதிஞ்சிருக்கான்னு பார்க்கறது, கண்டிப்பா போடுங்க (டிஸ்க் எழுதற ImgBurn சாஃப்ட்வேர்ல அந்த டிக் இருக்கு, இலவசம்தான்), நேரம் ஆகும்னு நிறைய பேர் அதைத்தான் விட்டுடறாங்க. பேர் எழுத பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது, சாஃப்ட் மார்க்கர் போதும். வெயில் படாத எடத்துல நிமிர்த்தி வைங்க, முக்கியமானதுன்னா ரெண்டு காப்பி, ஒண்ணு சொந்தக்காரங்க வீட்ல.