காய்கறி விதை நேர்த்தி: அனுமதியைப் பாதி படித்துவிட்டு மருந்து வாங்காதீர்கள்

ஆடிப்பட்டத்துக்கு நாற்று விடும் நேரம் வந்தால் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கமிருந்து எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். விதை முளைக்கவில்லை, முளைத்தது சாய்ந்துவிட்டது, என்ன ஊற்றலாம்? விசாரித்தால், நாங்கள் காய்கறிக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்திருப்பார்கள். கையுறை போடுங்கள், காலாவதி தேதி பாருங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். விதை நேர்த்தியில், அதாவது விதைப்பதற்கு முன் விதைக்கு மருந்து பூசுவதில், தெரிந்தவர்களே வழுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன். அதில் ஒன்றுதான் பெரியது, அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

வெளிநாட்டு அவசர அனுமதியை நம் ஊர் அனுமதியாக எடுத்துக்கொள்வது

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், படித்த பிள்ளை, சொந்தமாக எடுத்த இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை வைத்திருந்தார். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த நம் கத்தரி, விதை நல்ல விதை. அவர் போனில் ஒரு செய்தி படித்திருக்கிறார்: ஏதோ ஒரு நாட்டில் காய்கறி விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி பூச அவசர அனுமதி கொடுத்திருக்கிறார்கள். "இன்னாணா, அங்கயே அவசரமா குடுத்துட்டாங்கன்னா எவ்ளோ நல்ல மருந்தா இருக்கும், நாம மட்டும் பயந்துக்கினு இருக்கோம்" என்று என்னிடமே சொன்னார். அந்தச் செய்தியில் மெட்டலாக்சில் என்ற பெயர் இருந்ததாம். உரக்கடையில் கேட்டதும் மெட்டலாக்சில் 35 சதவீதத் தூளைக் கொடுத்துவிட்டார்கள். எந்தப் பயிருக்கு என்று கடைக்காரரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பாக்கெட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டில் கம்பு, சோளம், மக்காச்சோளம் என்று போட்டிருக்கிறது. கத்தரி என்ற பேச்சே இல்லை. அதை விரித்துப் பார்க்காமலே, கால் கிலோகூட இல்லாத விதைக்கு ஒரு ஸ்பூன் நிறையக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, ராத்திரி முழுக்க ஈரத்தோடு துணியில் கட்டி வைத்துவிட்டார்.

குழித்தட்டில் பாதிக்கு மேல் வரவே இல்லை. வந்ததும் இலை சுருண்டு குட்டையாக நின்றது. மருந்தின் அளவு கெடுத்ததா, ஈர மூட்டை கெடுத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்துதான் கெடுத்திருக்கும். முள்ளுக் கத்தரி விதை போன வருஷத்துப் பழத்திலிருந்து எடுத்தது, கடையில் போய் இன்னொரு பாக்கெட் வாங்கிவிட முடியாது. பட்டம் போனது, அந்த வருஷத்து விதையும் போனது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகும் இதே தவறு வெவ்வேறு மருந்துப் பெயரோடு வந்துகொண்டே இருக்கிறது.

அவசர அனுமதி என்றால் என்ன என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1107/2009 என்ற சட்டத்தின் 53-ஆவது பிரிவு இதைப் பற்றிச் சொல்கிறது. வேறு எந்த நியாயமான வழியிலும் கட்டுப்படுத்த முடியாத ஆபத்து வந்தால், அதிகபட்சம் 120 நாளைக்கு, ஒரு குறிப்பிட்ட பயிருக்கு, கட்டுப்பாடுகளோடு ஒரு மருந்தை விடலாம். பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு வந்த பிறகு இதே 120 நாள் முறையைத்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் இது வருகிறது, மாநில அரசோ மத்திய அரசுத் துறையோ கேட்டால்தான் கிடைக்கும், அதற்கும் கால வரம்பு உண்டு. மொத்தத்தில், வழக்கமான அனுமதி அந்த மருந்துக்கு அந்தப் பயிரில் இல்லை என்பதால்தான் அவசர அனுமதி என்ற ஒன்றே தேவைப்படுகிறது. தம்பி அதை நேர் தலைகீழாக, அதிவேகமாகப் பாஸ் ஆன மருந்து என்று படித்திருக்கிறார்.

காய்கறிக்கு மட்டும் இது ஏன் அடிக்கடி நடக்கிறது? கோதுமை, மக்காச்சோளம் போலப் பரப்பு பெரியதாக இருந்தால் கம்பெனி செலவழித்து ஆய்வு செய்து அனுமதி வாங்கும். கீரை, வெங்காயம், பட்டாணி மாதிரி சின்னப் பரப்புப் பயிருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. இருந்த பழைய மருந்து ஒன்று போய்விட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். திரம் என்ற பூஞ்சாணக்கொல்லி அப்படித்தான் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் அதற்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது, திரம் பூசிய விதைகளை விதைக்கவும் 2020 தொடக்கத்தோடு தடை வந்தது. காய்கறி விதைக்குப் பல வருஷமாக அதையே நம்பியிருந்தவர்கள் மாற்று தேடி அலைந்தார்கள். அங்கேகூட அவசர அனுமதி என்பது கேட்டவுடன் திறக்கும் கதவு இல்லை. 2023 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், வெளிப்படையாகத் தடை செய்யப்பட்ட மருந்தை விதையில் பூச அவசர அனுமதி கொடுக்க முடியாது என்று பெல்ஜியம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அது சர்க்கரைக் கிழங்கு விதைக்குப் பூசும் நியோநிக்கோட்டினாய்டு பூச்சிக்கொல்லி பற்றிய வழக்கு.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம்தான் பூஞ்சாணக்கொல்லிக்கும் பொருந்தும். மருந்துகளைப் பதிவு செய்து அனுமதி தரும் பதிவுக் குழு ஃபரிதாபாத்தில் இருக்கிறது. பதிவு என்பது மருந்துக்கு மட்டும் கிடைப்பதில்லை, எந்தப் பயிர், எந்த நோய், எவ்வளவு அளவு என்று சேர்த்துத்தான் கிடைக்கும். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தபோது, மக்காச்சோளத்துக்கென்று சில மருந்துகளைத் தற்காலிகமாகப் பரிந்துரைத்தார்கள். உடனே நம் பக்கத்தில் சிலர் அதே விதை நேர்த்தி மருந்தை வெண்டைக்கும் பூசினார்கள். மக்காச்சோளத்துக்குச் சொன்னது மக்காச்சோளத்துக்குத்தான்.

இதில் பணம் போகும் இன்னொரு வழியும் உண்டு. வீரிய ரகத் தக்காளி விதை நாசமானதென்று ஒருவர் விதைக் கம்பெனியிடம் நஷ்ட ஈடு கேட்டார். வந்து பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, விதை மேல் வேறு ஏதாவது பூசினீர்களா என்பதுதான். பூசியிருந்தார், அதுவும் தக்காளி பெயரே இல்லாத மருந்தை. பேச்சு அங்கேயே முடிந்தது. விதையில் உண்மையாகவே குறை இருந்திருந்தாலும் இனி அதை நிரூபிக்க வழியில்லை.

கலர் விதைக்கு மறுபடி நேர்த்தி

பாக்கெட்டில் வரும் வீரிய விதை சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது ஏற்கெனவே நேர்த்தி செய்தது. என்ன மருந்து என்று பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். அதை ஊற வைத்துக் கழுவினால் மருந்து தண்ணீரில் போகும், அதன் மேல் இன்னொன்று பூசினால் அளவு இரட்டிப்பாகும். அப்படியே விதையுங்கள்.

ஸ்பூன் கணக்கு

கத்தரி ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 400 கிராம் விதை, அதாவது ஏக்கருக்கு 160 கிராம். கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி கிலோ விதைக்கு 2 கிராம் என்று பரிந்துரை இருந்தால், உங்கள் ஏக்கருக்கான விதைக்கு வேண்டியது 0.32 கிராம். விரல் நுனியில் ஒட்டும் அளவு, அவ்வளவுதான். ஒரு டீ ஸ்பூன் தூள் அதைப்போலப் பல மடங்கு. நிலக்கடலைக்கு மூட்டைக் கணக்கில் நேர்த்தி பண்ணிப் பழகிய கை காய்கறி விதைக்கும் அப்படியே தூக்கிப் போடுகிறது. நகை எடை போடும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்குங்கள், நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் போதும். ஒரு மூடி போட்ட டப்பாவில் விதையைப் போட்டு, சில துளி தண்ணீர் தெளித்து, எடை போட்ட மருந்தைத் தூவிக் குலுக்கினால் எல்லா விதையிலும் மெல்லிசாக ஒட்டும். பிறகு நிழலில் காகிதத்தில் பரப்பி உலர விடுங்கள். வேலூர் வெயிலில் காய வைத்தால் முளைப்பு அடிபடும்.

எல்லா அழுகலுக்கும் கார்பென்டசிம்

நாற்றழுகலுக்கு நம் பக்கம் பெரும்பாலும் பித்தியம் என்ற கிருமிதான் காரணம், அது கார்பென்டசிமுக்கு அடங்காது. ரைசாக்டோனியா என்ற இன்னொரு அழுகல் பூஞ்சாணம் அடங்கும். கடையில் இரண்டுக்கும் அதே பாக்கெட்டைத்தான் நீட்டுகிறார்கள். நாற்று, மண் மட்டத்தில் தண்ணீர் கோர்த்த மாதிரி மெலிந்து கூட்டமாகச் சாய்ந்தால் முதலில் தண்ணீர் விடுவதைக் குறையுங்கள், நிழல்வலைக்குள் காற்று போக வழி பண்ணுங்கள், அப்புறம் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். விதை நேர்த்தியின் பாதுகாப்பு முளைத்த முதல் சில நாளைக்குத்தான். பாத்தியில் தண்ணீர் தேங்கி நிற்க விட்டுவிட்டு விதை மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ட்ரைக்கோடெர்மாவோடு பூஞ்சாணக்கொல்லி

நோய்ப் பூஞ்சாணத்தை அடக்க விதையில் பூசும் ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான். கலந்தால் அதுவும் சாகும். கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, ஆறிய வடிகஞ்சியில் கலந்து பூசுங்கள். சொந்த விதைக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தடை வரப்போகிறது என்று மூட்டையாக வாங்கி வைப்பது

2020 மே மாதம் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. திரம், கேப்டான், கார்பென்டசிம் மூன்றும் அதில் இருந்தன. பலர் பயந்துபோய் வாங்கிக் குவித்தார்கள். 2023-ல் இறுதி ஆணை வந்தபோது இந்த மூன்றும் தடைப் பட்டியலில் இல்லை. வீட்டில் குவித்தது தகரக் கொட்டகைச் சூட்டில் கட்டிதட்டி வீணானதுதான் மிச்சம்.

மிச்ச நேர்த்தி விதையைக் கோழிக்குப் போடுவது

போடாதீர்கள். கிணற்றுப் பக்கம் இல்லாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள்.

யாரிடம் கேட்பது

வாங்குவதற்கு முன்பே கடையில் சீட்டை விரித்து உங்கள் பயிரின் பெயரைத் தேடுங்கள். தமிழிலும் அச்சடித்திருப்பார்கள். பெயர் இல்லையென்றால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சந்தேகம் இருந்தால் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள், அல்லது உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள். சொந்த விதை என்றால் ஒரு கைப்பிடியை மட்டும் நேர்த்தி செய்து ஈரச் சாக்கில் முளைக்க விட்டுப் பாருங்கள், நேர்த்தி செய்யாத விதை ஒரு கைப்பிடி பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே மாதிரி முளைத்த பிறகு மீதி விதையில் கை வையுங்கள்.