லோடு டெஸ்ட் ஏமாற்றும் இடங்கள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் சூடுபிடித்தால் மாங்கூழ் ஆலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். அப்படி ஓர் ஆலைக்கு, விவசாயிகள் போனிலேயே டோக்கன் எடுக்க ஒரு செயலி எழுதிக் கொடுத்தோம். காலை 6 மணிக்கு டோக்கன் திறக்கும். முன்னதாக 500 பேர் வருவதுபோல் லோடு டெஸ்ட், அதாவது போலிக் கூட்டத்தை அனுப்பி சர்வர் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, ஓட்டினோம். ஒரு பிழையும் இல்லை. ஆனால் முதல் நாளே 6 மணி தாண்டிய இரண்டாவது நிமிடத்தில் எல்லாம் உறைந்துவிட்டது. பர்கூர் பக்கமிருந்து இரவே பெங்களூரா ரக மாங்காயை ஏற்றி வந்தவர்கள், சுற்றிக்கொண்டே இருந்த திரையைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

தவறு டெஸ்டில்தான். நாங்கள் சோதித்தது முகப்புப் பக்கத்தை. டோக்கன் எடுத்துப் பார்க்கவே இல்லை. டேட்டாபேஸில் ‘கடைசி டோக்கன் எண்’ ஒரே ஒரு வரியில் இருந்தது. ஒவ்வொரு கோரிக்கையும் மற்றவை காத்திருக்கும்படி அந்த வரியைப் பூட்டி, எண்ணைக் கூட்டி, எஸ்எம்எஸ் போன பிறகே பூட்டைத் திறந்தது. எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு நொடி ஆனால் நிமிடத்துக்கு 60 டோக்கன்தான். எவ்வளவு பெரிய சர்வர் வாங்கிப் போட்டாலும் அதே 60தான். எஸ்எம்எஸ்ஸைப் பூட்டுக்கு வெளியே தள்ளியதும் வரிசை நகர்ந்தது. அதனால் படிக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, எழுதும் வேலையை முதலில் சோதியுங்கள்.

ஒரே விவசாயி எண்ணை வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பதும் வீண். முன்பு எடுத்த பதிலைச் சேமித்து வைக்கும் கேஷிலிருந்தே (cache) பதில் வந்துவிடும், டேட்டாபேஸ் வரை போகாது. சோதனை டேட்டாபேஸில் 200 வரி மட்டும் வைத்திருந்தாலும் இதே கதைதான், தேடல் உடனே முடிந்துவிடும்.

பலரும் கவனிக்காத தவறு இன்னொன்று உண்டு. 100 போலிப் பயனர்கள், பதில் வந்ததும் உடனே அடுத்த கோரிக்கை என்று அமைக்கிறோம். பதில் 0.2 நொடியில் வந்தால் நொடிக்கு 500 கோரிக்கை. சர்வர் திணறிப் பதில் 5 நொடியானால் நொடிக்கு 20தான் போகும். சர்வர் களைத்தால் சோதனையும் கூடவே மெதுவாகி அதற்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது! வாசலில் நிற்பவர் அப்படி ஓய்வு தரமாட்டார். பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி அழுத்துவார். அதனால் பயனர் எண்ணிக்கையை நிலையாக வைக்காமல், நொடிக்கு இத்தனை கோரிக்கை என்று வருகை வேகத்தை நிலையாக வையுங்கள். கே6 (k6) என்ற லோடு டெஸ்ட் கருவியில் இதற்குத் தனி வசதியே இருக்கிறது.

சராசரியை நம்பவே வேண்டாம். 100 கோரிக்கையில் 95 பேருக்கு 0.2 நொடி, 5 பேருக்கு 20 நொடி என்றால் சராசரி 1.19 நொடி. அறிக்கையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த ஐந்து பேர் 99ஆம் பெர்சென்டைலில்தான் (100 கோரிக்கையில் 99 எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற கணக்கு) தெரிவார்கள்.

ஜேமீட்டர் (JMeter) என்ற லோடு டெஸ்ட் கருவியை அதன் ஜன்னல் திரையில் வைத்தே பெரிய சுமையை ஓட்டாதீர்கள், கட்டளை வரியில் ஓட்டுங்கள். சுமை கொடுக்கும் கணினியும் சோதிக்கப்படும் சர்வரும் ஒன்றாக இருக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரே நேரத்தில் ஏற்கும் மொத்த இணைப்புகளை இயல்பாக 100 என்று வைத்திருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்த்த அளவை எட்டியதும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள். சர்வர் உடையும்வரை சுமையை ஏற்றுங்கள். பிறகு சுமையைக் குறைத்து, யாரும் ரீஸ்டார்ட் செய்யாமலே அது தானாக எழுகிறதா என்று பாருங்கள். எங்களுடையது முதல் தடவை எழவில்லை. தேங்கிப்போன பழைய கோரிக்கைகளுக்கே அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது.