ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? தபால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே தபால் பெட்டியில் பெயரை ஒட்டிவிடுங்கள். அடுக்குமாடியில் பல வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் மனைவியின் குடும்பப் பெயர் அவர் அப்பா பெயராக இருக்கும், பிள்ளைக்குக் கணவரின் பெயர் இருக்கும், கணவருக்கு வேறொன்று இருக்கும். மூன்றையும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கி பின் எண், வரி எண் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் டெர்மின், அதாவது அலுவலகத்தில் முன்பதிவு நேரம், கிடைப்பதே பெரும்பாடு, எனவே ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் பிடித்து வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது. நீங்கள் குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். சில வாரங்களில் குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது வந்ததும் கிண்டர்கெல்ட் எனும் குழந்தைத் தொகைக்கு விண்ணப்பியுங்கள். புளூ கார்டு எனும் உயர்திறன் வேலை அனுமதியில் வருபவர்களுக்கும் இது உண்டு. 2026-இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. பின்தேதியிட்டு ஆறு மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள், ஆகவே தள்ளிப்போட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு கிட்டா எனும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 முதல் சட்டத்தில் இருக்கிறது. இடம் இருக்கிறதா என்பது வேறு கதை. நகரத்தின் இணையதளத்தில் பதிவதோடு நிற்காமல், பக்கத்துக் கிட்டாக்களின் பொறுப்பாளர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஆதாரம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், எனவே ஊர் தடுப்பூசி அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். இடம் கிடைத்த பிறகு பழக்கப்படுத்தும் காலம் ஒன்று வரும், இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பெரும்பாலும் முதல் மூன்று நாள் அப்பாவோ அம்மாவோ ஒரு மணி நேரம் கூடவே உட்கார வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போகச் சொல்வார்கள். அந்த மாதத்தில் இருவரும் புது வேலையில் சேர்ந்தால் திண்டாட்டம்தான்.

குளிர்காலத்தில் நம் வீடுகளில் அதிகம் வரும் தொல்லை சுவரில் படியும் கரும்பூஞ்சை. இட்லிப் பானை, குக்கர், கொதிக்கும் ரசம், உள்ளே காயப்போட்ட துணி, நான்கு பேரின் மூச்சு எல்லாமே ஈரம். இறுக மூடிய சன்னல் வழியாக அது வெளியேறாது, குளிர்ந்த வெளிச்சுவர் மூலையில் போய்ப் படியும். சன்னலை மேல்பக்கம் சாய்த்து நாள் முழுக்க விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. காற்று சரியாக மாறாது, சன்னலைச் சுற்றிய சுவர் மட்டும் சில்லிட்டு அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஹீட்டரைக் குறைத்து, சன்னலை முழுக்கத் திறந்து, முடிந்தால் எதிர்ப்பக்கச் சன்னலையும் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, சமைத்ததும் குளித்ததும் கூடுதலாக ஒரு முறை. சமைக்கும்போது சமையலறைக் கதவு மூடியிருக்கட்டும். பத்து யூரோ அளவில் ஈரமானி கிடைக்கும், அது 60 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒழுங்காகக் காற்றோட்டம் தரவில்லை என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைத்தால் வழக்காடுவது கடினம்.

வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் பெரும்பாலும் கைப்பிடி கிடையாது, குமிழ் மட்டும்தான். காற்றில் சாத்திக்கொண்டால் சாவியின்றித் திறக்காது. குப்பை போட லுங்கியோடு இறங்கினாலும் சாவி இடுப்பில் இருக்கட்டும். ஞாயிறு இரவு பூட்டுக்காரர் கேட்கும் தொகைக்கு ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம். ஞாயிறு என்றால் கடைகளும் கிடையாது, பால் உட்பட சனிக்கிழமையே வாங்க வேண்டும். மிக்சி, கிரைண்டர், சுவரில் துளை போடுவது, கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில் வீசுவது எதையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் அப்படியே. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பான பாட்டிலைக் குப்பையில் போடாமல் கடை இயந்திரத்தில் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்ப வரும். பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

நாம் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்தை ஈடுகட்டும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு குடும்பத்துக்கே சேர்த்து எடுங்கள். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அடுத்தவர் காரைக் கீறினால் சட்டப்படி அதற்குப் பொறுப்பில்லை, காப்பீடும் தராமல் போகலாம். அவ்வயதுப் பிள்ளைகளும் சேர்ந்த திட்டமா என்று கேட்டு எடுத்தால் பக்கத்து வீட்டு உறவு கெடாது.

பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டால் ஊர்ப் பயணத்தை மாநில விடுமுறை நாட்காட்டியை வைத்தே திட்டமிடுங்கள், கோடை விடுமுறைத் தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சென்னை டிக்கெட் மலிவு என்று விடுமுறைக்கு நான்கு நாள் முன்னதாகக் கிளம்பினால் அபராதம் வரலாம். பவேரியாவில் விமான நிலையத்திலேயே போலீஸ் விசாரித்ததுண்டு. நெருங்கிய உறவில் திருமணம், இறப்பு போன்றவற்றுக்குப் பள்ளித் தலைமையிடம் எழுத்தில் அனுமதி கேட்கலாம். மலிவு டிக்கெட்டைக் காரணமாக ஏற்க மாட்டார்கள்.