செவ்வாய்க் கலத்தில் ஏறியவர்கள் ஏன் பாதியிலேயே குதித்தார்கள்?

கறுப்புத் திரை, அதில் ஒவ்வொரு எழுத்தாக டைப் ஆகும் பச்சை வரி, பின்னணியில் எஞ்சின் உறுமல். "வருக, பயணியே. கலத்தின் மைய மூளை உங்களை ஆராய்கிறது." அப்புறம் முதல் கேள்வி: உங்களுக்குப் பிடித்த நிறம் எது?

நான் செய்த முதல் அறிபுனை க்விஸ் இந்த லட்சணத்தில்தான் இருந்தது. செவ்வாய்க்குப் போகும் கலத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று சொல்லும் விளையாட்டு. நண்பர்களுக்கு அனுப்பினேன். பல பேர் நடுவழியில் இறங்கிவிட்டார்கள், முடித்தவர்களும் "டிசைன் சூப்பர்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர் பந்தலை மட்டும் பாராட்டிவிட்டுப் போன மாதிரி.

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான்: அலங்காரம் 2200-இல், கேள்வி பழைய வார இதழில். கேள்வியைத் தனியாக ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள், அங்கே கதை தெரியவில்லை என்றால் எந்த நியான் வெளிச்சத்திலும் தெரியாது. "நீங்கள் பொறுமைசாலியா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? அதையே இப்படி மாற்றலாம். செவ்வாயிலிருந்து ஒரு ரேடியோ சிக்னல் பூமிக்கு வந்துசேர, இரண்டு கோள்களும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். போய் வர இரண்டு மடங்கு. சரி, இப்போது கேள்வி: "ஓர் அறையில் காற்று கசிகிறது. பூமியிடம் கேட்டால் பதில் வர 40 நிமிடம். காத்திருப்பீர்களா, அறையை நீங்களே அடைத்துவிடுவீர்களா, தூங்கும் கேப்டனை எழுப்புவீர்களா?" எதைத் தொட்டாலும் வயிற்றில் கொஞ்சம் புளி கரைக்கும். பொறுமை பற்றித்தான் கேட்கிறோம், ஆனால் அந்த வார்த்தையே அதில் இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட 'மாரல் மெஷின்' என்ற இணையச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? பிரேக் பிடிக்காத தானியங்கிக் கார் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கும். சாதாரணப் படங்கள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காட்சி, அவ்வளவுதான். 233 நாடுகள், பிரதேசங்களிலிருந்து கிட்டத்தட்ட 4 கோடி முடிவுகள் வந்து குவிந்தன. எஞ்சின் உறுமல் இல்லாமலேயே.

அடுத்தது கிளை வெறி. ஒவ்வொரு கேள்விக்கும் 3 பதில், ஒவ்வொரு பதிலுக்கும் தனிக் கதை என்று கிளம்பினால் 10 கேள்வியில் 59,049 பாதைகள், உட்கார்ந்து எழுதப்போவது யார்? அதற்குப் பயந்து எதை அழுத்தினாலும் ஒரே கதை ஓடினால் ஆட்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். நடுவழி ஒன்று இருக்கிறது. கிளைகள் சீக்கிரமே ஒன்றுசேரட்டும், ஆனால் கலம் ஒன்றிரண்டு விஷயங்களை மறக்காமல் இருக்கட்டும். 2-வது கேள்வியில் கேப்டனை எழுப்பியவருக்கு 7-வது கேள்வியில் அதே கேப்டன் கொட்டாவியோடு ஒரு வரி பேசினால் போதும், நாம் அழுத்தியது எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசிப் பக்கத்து முடிவுகளில் இன்னொரு ஏமாற்று. "நீங்கள் துணிச்சலானவர், ஆனால் சில நேரம் தயங்குவீர்கள்." இது யாருக்குத்தான் பொருந்தாது? உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, உங்களுக்கென்றே எழுதியது என்று எல்லாருக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. அந்த வரிகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை! அதனால் உங்கள் முடிவுகளைத் தலைப்பு இல்லாமல் கலக்கி நாலு பேரிடம் கொடுத்துப் பாருங்கள், எல்லாரும் எல்லாவற்றுக்கும் "அட, நான்தான்" என்றால் திருத்தி எழுதுங்கள். "காற்று கசிந்தபோது நீங்கள் யாரையும் கேட்கவில்லை" என்று விளையாடியவர் செய்ததையே சொல்லுங்கள்.

கண்ணையும் காதையும் மறக்க வேண்டாம். அபாய விளக்கு என்று சிவப்பைப் படபடவென்று மின்ன விடுகிறார்கள். 1997-இல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இணைய அணுகல் விதிகளில் (வலைத்தளங்களை எல்லாராலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான விதிகள்) உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும், மங்கல் நீலத்தின் மேல் சாம்பல் எழுத்தெல்லாம் இதில் தேறாது. டைப் ஆகும் வரியைத் தாண்டிப்போக ஒரு வழி வையுங்கள். சத்தம் தானாக ஆரம்பிக்கவே கூடாது, ஆட்கள் இதைத் திறப்பது பஸ்ஸில்.

இன்னொன்று, கதாபாத்திரத்தை வைத்துத் தகவல் பிடுங்குவது. "பயணியே, அடையாளக் குறியீட்டை உள்ளிடு" என்று மைய மூளை மிரட்டிக் கேட்பது உண்மையில் போன் நம்பரை. அந்த ஓர் இடத்தில் வேஷத்தைக் கழற்றிவிட்டு, எதற்குக் கேட்கிறோம், எங்கே வைத்திருப்போம் என்று சாதாரணத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். நானும் இதைச் செய்தேன், அதுவும் முடிவைக் காட்டுவதற்குச் சரியாக ஒரு திரை முன்னால். செவ்வாய்க்கு ஓ.டி.பி. வந்துசேர எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒரு நண்பர் பதில் அனுப்பியிருந்தார்.